சேருக்கு வாய் இல்லை

ஜெயரூபன் புத்தூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் மயிலிட்டிக்கு வந்து படிப்பிக்கிறவர். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவருக்குத் தரம் நான்கைக் கொடுத்தார்கள். அந்த வகுப்பில் யதுசிகா என்றொரு பிள்ளை. கடலுக்குப் போகும் குடும்பத்தின் ஒரே மகள். இரண்டு காதிலும் கேட்கும் கருவி மாட்டியிருந்தாள்.

"கெட்டிக்காரி. நல்லாய்க் கதைப்பாள். உங்களுக்கு ஒரு கரைச்சலும் இராது" என்று சொல்லித்தான், போன வருடம் அவளைப் படிப்பித்த மக்டலீன் ரீச்சர் அவரிடம் ஒப்படைத்தார்.

ஆனால் ஜெயரூபனிடம் அவள் வாய் திறக்கவில்லை. ஏதாவது கேட்டால் அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பிறகு தலையைக் குனிந்துகொள்வாள். சொல்வதெழுதும் நேரத்தில் பக்கத்திலிருக்கும் சுபாங்கனின் கொப்பியை எட்டிப் பார்த்து எழுதுவாள். ஜெயரூபன் குரலை உயர்த்திப் பார்த்தார். முன்வாங்கில் இருத்திப் பார்த்தார். ஒருநாள் குனிந்து காதோடு சொல்லியும் பார்த்தார். அதற்கு அவள் மிரண்டுபோய்ச் சுபாங்கன் பக்கம் ஒதுங்கினாள். பிள்ளையைப் பயப்படுத்துகிறோமோ என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. தாய் குணலட்சுமியைக் கூப்பிட்டார்.

"பிள்ளைக்கு என்னிலை பயமோ அம்மா?"

"பயமில்லை சேர்." குணலட்சுமி தயங்கினார். "சொன்னால் குறை நினைக்கக்கூடாது."

"சும்மா சொல்லுங்கோ."

"சேருக்கு வாய் இல்லையாம். வீட்டை வந்து சொல்லுறாள்."

ஜெயரூபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மெசின் போட்டாலும் அவளுக்குச் சத்தந்தான் கேக்கும் சேர். சொல்லு பிரிஞ்சு கேளாது. கதைக்கிற ஆக்களின்ரை வாயைப் பார்த்துத்தான் பிடிக்கிறவள். உங்கடை..." மூக்குக்குக் கீழே கொண்டுபோன கையைக் குணலட்சுமி சட்டென்று இறக்கிக்கொண்டார். "வடிவான மீசைதான். ஆனால் வாயை மூடிப்போடுது."

ஜெயரூபனுக்கு அது வெறும் மீசை இல்லை. பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்தில் வைத்தது. மேலுதட்டை முழுதாக மறைத்துத் தடிப்பாக இறங்கியிருக்கும். புத்தூரில் யாரும் அவரைப் பற்றி விசாரித்தால், "மீசை மாஸ்ரரோ?" என்றுதான் கேட்பார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மனைவி கேதீஸ்வரியை முற்றத்தில் நிறுத்தினார்.

"நான் சத்தமில்லாமல் ஒரு சொல்லுச் சொல்லுறன். என்னெண்டு சொல்லும் பாப்பம்."

அவர் 'படகு' என்றார்.

"தேத்தண்ணி கேக்கிறியளோ?"

'வெண்காயம்' என்றார். கேதீஸ்வரி கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள்.

"மீசைதான் ஆடுது. வேறையொண்டும் தெரியேல்லை."

அவர் விசயத்தைச் சொன்னார். கேதீஸ்வரி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"கலியாணப் படத்திலையும் உந்த மீசைதான். அது இல்லாத முகம் எனக்கே தெரியாது" என்றாள்.

"அப்ப விடுவமோ?"

"என்ன கதை கதைக்கிறியள்? இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் விளங்காமலல்லோ இருந்திருக்கு. போய் மீசையை வழியுங்கோ."

திங்கட்கிழமை அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் புது வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். ஆளைத் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. ஜெயரூபன் நேரே யதுசிகாவின் முன்னால் போய் நின்றார்.

"இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனீர்?"

அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புட்டும் மீன்குழம்பும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "சேருக்கு முன்பல்லு உடைஞ்சிருக்கு" என்றாள்.

உடைந்துதான் இருந்தது. கேதீஸ்வரியும் முந்தின நாள், மீசையை வழித்த பிறகுதான் அதைக் கவனித்திருந்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது அவருடைய பழக்கம். அவர் திரும்பினால் யதுசிகாவுக்குப் பாடம் நின்றுவிடும். உடனே அவள் மேசையில் தட்டுவாள். சுபாங்கன், "சேர், இஞ்சாலை பாருங்கோ" என்பான். எழுதி முடித்து, திரும்பி நின்று, அதன் பிறகு பேச அவர் மெல்ல மெல்லப் பழகினார். வாங்குகளை அரைவட்டமாகப் போட்டார். மற்றப் பிள்ளைகள் பேசும்போதும் அவளுக்கு அவர்களின் முகம் தெரிந்தது. அவர்களும் தங்கள்பாட்டிலேயே, அவள் பார்க்கும்வரை காத்திருந்து பேசப் பழகிக்கொண்டார்கள்.

மூன்றாம் தவணை வந்தபோது வகுப்பிலேயே பெரிய வாயாடி யதுசிகாதான். பாடத்துக்கு நடுவே சுபாங்கனோடு கடல் கதை, பூனைக் கதை என்று ஓயமாட்டாள். ஜெயரூபன் பேசுவதை நிறுத்தி, அவள் முன்னால் வந்து நின்று ஏசத் தொடங்குவார்.

அவள் கண்களை இறுக்க மூடிக்கொள்வாள்.

இனி என்ன ஏசினாலும் பிரயோசனம் இல்லை. ஜெயரூபன் பேசாமல் நிற்பார். வகுப்பும் மூச்சுக்காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில், சேர் ஏசி முடித்துவிட்டாரா என்று பார்க்க, அவள் ஒற்றைக் கண்ணை மெல்லத் திறப்பாள். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்ப்பார். அதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.