தம் போட்ட பெட்டி

விசேஷ வீடுகளுக்கு ஸ்பீக்கர் செட் போடுகிற அப்துல் வஹீது செய்து முடித்த பாஸ் பெட்டியில் எல்லாம் இருந்தது, பாஸ் மட்டும் இல்லை. பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர், முக்கால் இஞ்ச் பிளைவுட், பத்து நாள் வேலை. பாட்டைப் போட்டால் யாரோ தகர டின்னைத் தட்டுகிற சத்தம்.

மறுநாள் உசிலம்பட்டியில் ஆண்டிச்சாமி வீட்டுக் காதுகுத்து. போன விசேஷத்திலேயே அவர் சொல்லிவிட்டார்: "நெஞ்சு அதிரணும் பாய். அடுத்தவாட்டியும் அதிரலேன்னா வேற செட்டப் பாத்துக்கிறேன்." அவர் கைவிட்டால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கைவிட்ட மாதிரிதான்.

வஹீது ஒயரை மாற்றினார், ஆம்ப்ளிஃபயரைத் திட்டினார். அவர் மனைவி ஹாஜரா கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்குகிறவள். பின்பலகை ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் புஸ்ஸென்று உள்ளங்கையில் காற்று பட்டது.

"என்னங்க, இது தம் உடைஞ்ச தேக்சா. ஆவி பூரா ஓரமாப் போகுது."

ஸ்பீக்கர் புகைந்தால் திறக்க வேண்டுமே என்று, பசை போடாமல் வெறும் ஸ்குரூ முடுக்கியிருந்தார் வஹீது. ஸ்பீக்கரின் முதுகுக் காற்று அந்த இடுக்கில் வெளியேறி முன்பக்கத்து அடியைத் தின்றுகொண்டிருந்தது. இனிப் பசை போட்டால் காய ஒரு நாளாகும். ஹாஜரா மைதா பிசைந்து, பிரியாணித் தேக்சாவுக்குத் தம் போட, ஆவி போகாமல் மூடியைச் சுற்றி ஒட்டுவதுபோல நாலு ஓரமும் ஒட்டினாள். அடுத்த பாட்டுக்கு அலமாரித் தம்ளர்கள் நடந்து விளிம்புக்கு வந்தன. வஹீது போய் இரண்டு டீ வாங்கிவந்தார்.

மாவு வெடித்தால் ஈரத்துணி வைக்க ஹாஜராவும் கூடவே போனாள். காலையில் ஆண்டிச்சாமி நெஞ்சில் கைவைத்தபடியே எல்லாரையும் வரவேற்றார். பத்து மணிக்கு மேல் பாஸ் இளைத்தது. வஹீது குமிழைத் திருகத் திருக இன்னும் இளைத்தது. ஹாஜரா பெட்டிக்குப் பின்னால் போனாள். விருந்துக்கு மாலை போட்டுக் கட்டியிருந்த கெடா, மூன்று ஓரத்து மாவை முடித்துவிட்டு நான்காவதில் இருந்தது.

இருவரும் கெடாவைத் தள்ளிக் கட்டிவிட்டுப் பலகையில் முதுகு கொடுத்து உட்கார்ந்து அழுத்தினார்கள். பாஸ் திரும்பி வந்தது. மாமன் சீர் வந்தது, பிள்ளை அழுதது, பந்தி நடந்தது, இவர்கள் அசையவில்லை. ஆண்டிச்சாமி தேடி வந்தார்.

"என்ன பாய், இம்புட்டு அலுப்பு?"

"அலுப்பில்லண்ணே. சாஞ்சு கேட்டாத்தான் சுகம்."

ஆண்டிச்சாமியும் உட்கார்ந்து சாய்ந்தார். கனமான ஆள். பாஸ் இன்னும் கூடியது. மச்சினன் வீட்டு விசேஷத்துக்கும் இந்தப் பெட்டிதான் என்று கண்ணை மூடியபடியே சொன்னார்.

வஹீது மௌத்தாகி, அடக்கம் பண்ணி இரண்டு வருஷமாகிறது. தெருவில் எங்கே பாட்டுப் போட்டாலும் ஹாஜராவுக்கு முதலில் கேட்பது முதுகில்தான்.