கறுப்புப் புள்ளிக்கு மூன்று நாள்

ஒரு படுக்கை விரிப்பை மடிக்க நாலு கை வேண்டும். இரண்டு கைதான் என்றால் சுருட்டலாம், மடிக்க முடியாது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகள் துவைந்து, காய்ந்து, சூடான உருளைக்குள் நுழைந்து தட்டையாக வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று ஓர் உதறு. பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அதனால் அந்தச் சலவைக்கூடத்தில் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் வேலை பார்த்தார்கள்.

நெட்டையும் குட்டியும் ஆறு வருஷ ஜோடி. நெட்டை வாசல்நிலையில் தலை இடித்துக்கொள்ளும் உயரம். குட்டி அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஒருத்தி குனிந்தும் ஒருத்தி எம்பியும் மடிப்பதைப் பார்த்து, "ஒட்டகத்தையும் ஆட்டையும் ஒரே வண்டியில பூட்டின மாதிரி" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் இவர்கள் அடுக்கியதுதான் உயரமாக இருக்கும்.

குட்டிக்கு வாய் கிடையாது. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அவளுக்கும் சேர்த்து நெட்டை பேசிவிடுவாள். அவர்கள் பேச்சே ஒரு தினுசு. தள்ளி நிற்கும்போது உருளையின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. முனை சேர்க்கக் கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், விலகிப் போய் அடுத்த விரிப்போடு திரும்பும்போது அடுத்த வாக்கியம். ஒரு கதையைச் சொல்லி முடிக்க முப்பது விரிப்பு ஆகும்.

புது மேனேஜர் வருவதற்கு முன்பு, ஆள் வராவிட்டால் பழைய சூப்பர்வைசர் ஒரு மூச்சுத் திட்டுவார். மறுநாள் அவள் வந்ததும், "வந்தியா மகராசி" என்பார். அதோடு சரி. புது மேனேஜர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் தன் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, ஜோடி ஜோடியாக ஆளுக்கொரு வரிசை போட்டார்.

"ஆள் ஏன் வரலைன்னு தெரிஞ்சாத்தானே அதைச் சரி பண்ண முடியும்?" என்று எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். "நான் கெட்டவன் இல்லை. எனக்குக் காரணம் வேணும், அவ்வளவுதான்."

வந்தால் பச்சைப் புள்ளி. டாக்டர் சீட்டோடு காய்ச்சல் என்றால் மஞ்சள். வீட்டில் சாவு என்றால் கறுப்பு. அதற்கு மூன்று நாள் விடுமுறை உண்டு, கேள்வி கிடையாது. மற்றதெல்லாம் சிவப்பு. ஆறு மாதத்துக்குள் நாலு சிவப்பு விழுந்தால் கேட்டுக்கு வெளியே. இன்னொரு விதியும் இருந்தது: ஜோடியில் ஒருத்தி வராவிட்டால், மற்றவள் எட்டு மணிக்குள் மேனேஜர் அறைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும்.

நெட்டையின் காரணம் அவள் மாமியார். கிழவிக்கு நினைவு கழன்றுபோய் இரண்டு வருஷம். கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவாள். நெட்டையின் கணவன் லாரி ஓட்டுபவன், பத்து நாளைக்கு ஒருமுறை வருவான். பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போனபின் வேறு ஆள் கிடைக்கவில்லை. முதல் சிவப்பு, கிழவியைத் தேடி மார்க்கெட்டெல்லாம் அலைந்த அன்று. இரண்டாவது, அவள் கேஸ் அடுப்பைத் திறந்து விட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அன்று. மூன்றாவது சிவப்பு விழுந்த அன்று ஒன்றுமே நடக்கவில்லை. கிளம்பும்போது கிழவி கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

அன்று குட்டி தன்னிடமிருந்த வார்த்தைகளையெல்லாம் திரட்டி மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தாள். "வீட்ல வயசானவங்க சார். பாத்துக்க ஆள் இல்லை சார்."

மேனேஜரின் விரல் நிறங்களின் மேல் கொஞ்ச நேரம் அலைந்தது. "அது காரணம் இல்லம்மா. அது நிலைமை," என்றார் வருத்தமாக. சிவப்பை ஒட்டினார்.

நாலாவது முறை நெட்டை வராதபோது, குட்டி அறைக்குள் போவதற்கு முன்பே சிவப்புப் புள்ளி மேனேஜரின் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "சொல்லும்மா."

குட்டிக்குப் பலகைதான் தெரிந்தது. பலகையில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இருந்தன.

"மாமியார்..." என்றாள்.

"மாமியாருக்கு என்ன?"

"செத்துட்டாங்க."

சொன்ன பிறகுதான் சொன்னதே அவளுக்குத் தெரிந்தது. மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். சிவப்புப் புள்ளியை விரலிலிருந்து உரித்து, எடுத்த தாளிலேயே திரும்ப ஒட்டினார். "அடடா. நீயும் கிளம்பு. துக்கத்துக்கு ஜோடி கூடப் போகலாம். அரை நாள், புள்ளி கிடையாது."

குட்டி நேரே நெட்டை வீட்டுக்குப் போனாள். செத்துப்போன மாமியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்ட நெட்டை முதலில் குட்டியின் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி, வாயே திறக்காதவ, திறந்தா ஆளையே கொன்னுட்டியேடீ!"

"யாரும்மா செத்தா?" என்றாள் கிழவி.

"உங்களுக்குத் தெரியாதவங்க அத்தை."

"பாவம்," என்றாள் கிழவி. "நல்ல சாவா?"

நெட்டைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த மூன்று நாளும் அவள் கிழவிக்குத் தலை குளிப்பாட்டினாள், கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டாள், மத்தியானத்தில் கிழவியோடு படுத்துத் தூங்கினாள்.

ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. தங்கள் அன்பு மாமியாரின் மறைவுச் செய்தி அறிந்து துயருற்றோம் என்று அச்சடித்து, கீழே மேனேஜர் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார். நெட்டை அதைக் கிழவிக்கே படித்துக் காட்டியதாக மறுநாள் விரிப்பு மடிக்கும்போது சொன்னாள்.

"இனிமே நீங்க சாகக் கூடாது அத்தை, லீவு தீர்ந்து போச்சுன்னேன்." விலகிப் போனார்கள். கிட்டே வந்தார்கள். "சரிம்மான்னு தலையாட்டுறாங்கடீ."

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் நெட்டை நேரத்துக்கு வந்தாள். முதல் பத்து விரிப்பும் பேச்சில்லாமல் போயின. முனை கோணலாக விழுந்தது. ஆறு வருஷத்தில் அவள் முனை கோணியதே இல்லை.

"என்னக்கா?" என்றாள் குட்டி, கிட்டே வந்தபோது.

விலகினார்கள். உதறினார்கள். கிட்டே வந்தார்கள்.

"அத்தை போயிட்டாங்க."

குட்டிக்கு முதலில் தெருவுக்குப் போய்விட்டதாகத்தான் பட்டது. நெட்டையின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"நிறுத்தாத, மடி. பாக்குறாங்க."

மீதியைத் துண்டு துண்டாகத்தான் கேட்க முடிந்தது. விடியும் முன்னே, தூக்கத்தில். பக்கத்து வீட்டு அம்மாவை உடம்புக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். லாரிக்காரர் மத்தியானம் வந்து சேருவார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். வேலை விடுவதோ நாலு மணிக்கு.

"போக்கா. சொல்லிட்டுப் போ."

"என்னன்னு சொல்ல? என் மாமியார் மறுபடி செத்துட்டாங்கன்னா?" விலகினார்கள். கிட்டே வந்தார்கள். "மூணு செவப்பு நிக்குது. இன்னிக்குப் போனா நாளைக்கு வேலை இல்லை."

"வேற யாரையாவது..."

"அம்மா அப்பா இல்லைன்னு சேரும்போதே ஃபாரத்துல எழுதியாச்சு." அடுத்த விரிப்பு. "மிச்சம் இருக்கறது எங்க வீட்டுக்காரர்தான். அவரைச் சொல்லட்டுமா? ரோட்ல வண்டி ஓட்டிட்டு வர மனுஷன்டீ."

கிழவியை முதலில் கொன்றது குட்டிதானே. அவள் அன்றைக்கு அவசரப்பட்டு எடுத்துச் செலவழிக்காமல் இருந்திருந்தால், இந்தக் கறுப்புப் புள்ளி இன்றைக்கு இருந்திருக்கும்.

பொய் சொன்னது நான் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். நாற்பது விரிப்பு மடிக்கும்வரை வேறு வழி தேடினாள். ஆஸ்பத்திரி விரிப்புகள் முடிந்து விடுதி விரிப்புகள் வர ஆரம்பித்தன. கடிகாரத்தில் பதினொன்று. நெட்டை கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, மிஷின் மாதிரி மடித்துக்கொண்டிருந்தாள்.

குட்டி தன் பக்கத்து முனைகளை மேசைமேல் போட்டுவிட்டு நடந்தாள். நெட்டை விரிப்பின் மறுபாதியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னம்மா? உன் ஜோடிதான் வந்திருக்காங்களே?" என்றார் மேனேஜர்.

"எங்கம்மா..." என்றாள் குட்டி.

அவ்வளவுதான் வந்தது. மீதிக்கு நாக்கு எழவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கண்ணீர் தானாகக் கொட்டியது. அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"செய்தி வந்துச்சா? இப்பவா?"

தலையாட்டினாள்.

"மூணு நாள் எடுத்துக்கோ. தனியாப் போகாத, உன் ஜோடியையும் கூட்டிட்டுப் போ." அவர் கறுப்புப் புள்ளியை உரித்தார். அது குட்டியின் வரிசையில், அவள் பச்சைகளின் நடுவில், ஒரு பொத்தல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

கூடம் முழுக்கச் செய்தி பரவ ஒரு நிமிஷம் ஆனது. உருளையை நிறுத்திவிட்டார்கள். அக்காமார்கள் ஓடி வந்து குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "அம்மா போனா எல்லாம் போச்சேடீ" என்று ஒருத்தி அவள் தலையைத் தடவினாள். "தங்கமான பொம்பள, ஒருநாள் பஸ்ல பாத்தேன்" என்றாள் இன்னொருத்தி. நெட்டை ஓரமாக, காய்ந்த கண்ணோடு நின்றாள்.

"கல்லு மாதிரி நிக்கிறியே, அவளைத் தாங்கிப் பிடி!" என்று யாரோ நெட்டையை அதட்டினார்கள். நெட்டை வந்து தாங்கிப் பிடித்தாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்பது கேட் வரைக்கும் குட்டிக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் நெட்டை இரண்டு டிக்கெட் வாங்கினாள். பிறகு, "உன் வாயில ஏன்டீ அந்த வார்த்தை வந்துச்சு?" என்றாள்.

"நான் முழுசாச் சொல்லலக்கா."

"முழுசா எழுதிட்டாங்கல்ல." அப்போதுதான் நெட்டைக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கிழவியின் தலையணையை எடுத்தபோது அடியில் நாலாக மடித்த அந்தக் கடிதம் கிடந்தது. லாரிக்காரர் அதைப் பிரித்துப் படித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடி படித்தார். மடித்து மனைவியிடம் கொடுத்தார்.

நாலாம் நாள் குட்டி வேலைக்குப் போனாள். நெட்டை இரண்டாம் நாளே வந்துவிட்டிருந்தாள். அவளுக்கு அரை நாளுக்கு மேல் துக்கம் கிடையாது. மடித்தார்கள். கிட்டே வரும்போது முனையை மட்டும் சேர்த்தார்கள். குட்டிக்கு இரவில் தூக்கம் போயிற்று. அம்மாவின் மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தாள். அம்மா ஒருமுறை இருமினால் தண்ணீர்ச் செம்போடு ஓடினாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், தபால் வந்திருக்குமோ என்று ஓட்டமாக ஓடி வந்தாள்.

பதினோராம் நாள் பஸ் தாமதம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை, எழுத்தெல்லாம் புகைதான். மடியில் ஓர் உறை. திறந்திருந்தது.

"உங்க கம்பெனியில இருந்து என்னமோ வந்திருக்குன்னு தபால்காரர் குடுத்துட்டுப் போனாருடீ. தொட்டுப் பாரு, நல்ல தாளு. என்ன எழுதியிருக்கான், படி."

குட்டி வாங்கிப் பிரித்தாள். தங்கள் அன்புத் தாயாரின் மறைவுச் செய்தி அறிந்து துயருற்றோம். கீழே அதே பேனா, அதே கையெழுத்து. இந்த முறை மேனேஜர் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: தைரியமாக இரம்மா.

"என்னடீ, சத்தத்தையே காணோம்?"

"நல்லா வேலை செய்றேனாம். அதுக்குப் பாராட்டு."

"அப்படியா!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும். வாய் இல்லாட்டியும் என் பொண்ணுக்குக் கை இருக்கு. முழுசாப் படி, ஒரு வரி விடாம."

குட்டி படித்தாள். இல்லாததை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியை மட்டும் உள்ளபடி படித்தாள். முடித்ததும் தாளைப் பாதியாக மடித்தாள், அதைப் பாதியாக, மறுபடி பாதியாக. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

அம்மா கையை நீட்டினாள். "கசக்காதடீ, குடு. பத்திரமா வைக்கணும்." கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக விலக்கி, தாளை வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மடிப்பை நீவினாள்.

"மேல் வீட்டு டீச்சர் ஸ்கூல் விட்டு வந்துட்டாங்களா, பாரு. கூப்பிடு. அவங்களும் ஒருதரம் படிக்கட்டும்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.