மெல்வின் வீட்டு ஹிரோலா

ஆப்பிரிக்காவில் அழிந்துவரும் மான்களை, பெரம்பூரில் ராக் இசைக்குழு வைத்திருப்பவர்களிடம் குழுவுக்கு ஒன்றாக ஒப்படைத்திருந்தார்கள். மெல்வினின் குழுவுக்கு வந்தது ஹிரோலா. கென்யாப் பக்கத்து மான்; மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் கண்களுக்கிடையில் வெள்ளைக்கோடு. குழு வெளிநாட்டுப் பாப் பாட்டுகளை வாசிக்கும்வரை மான் இருக்கும். ஏற்பாடு அவ்வளவுதான்.

முதலில் பாடகன் ரோட்னி ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனான். மறுநாள் மானுக்குத் தலை இல்லை. கிடார்காரன் துபாய் ஹோட்டலில் வேலை கிடைத்துப் போனபோது முதுகும் வயிறும் போயின. அக்கம்பக்கத்துக்குப் பயந்து டிரம்ஸுக்குள் தலையணை திணித்து வாசித்த ஃபிலிப், கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனான். வால் அவனோடு போயிற்று. மெல்வின் வாசிப்பது பேஸ் கிடார். அவன் பங்குக்கு நான்கு கால்கள் மிஞ்சின.

கால்கள்தானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். மெல்வின் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், சோபா ஓரத்திலிருந்து டக்டக்கென்று வாசல்வரை வரும். அந்த வீட்டில் அவனைத் தேடி வர வேறு யாருமில்லை. அதை நினைத்து அவன் அழுததும் உண்டு.

தினமும் சாயங்காலம் வாசிப்பான். பேஸ் கிடாரைத் தனியாக வாசித்தால் என்ன பாட்டு என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. தும் தும் என்று போகும். ரோட்னி தனியாகப் பாட வேண்டிய இடத்தில் நிற்கும். அப்புறம் போகும். மெல்வின் அந்த இடத்தை ஒருநாளும் நிரப்பியதில்லை. அந்த இடம் தாண்டும்வரை கால்களும் அசையாமல் நிற்கும்.

மான்களைச் சரிபார்க்கச் சபேசன் என்ற அதிகாரி வந்தார். காபி குடித்தார். கால்களைச் சுற்றி வந்தார்.

"இதை மான்னு சேர்க்க முடியாது மெல்வின். கழுத்துக்கு மேல ஏதாவது ஒண்ணு இருக்கணும். இல்லேன்னா கொண்டு போயிடுவோம்."

"எங்க சார்?"

"கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு கொட்டகை. கொம்பு, வாலு எல்லாம் அங்கதான் கெடக்கு."

"ஒரு பாட்டு வாசிக்கிறேன் சார். அப்புறம் பாருங்க."

"வாசிங்க."

பயத்தில் கை தன்பாட்டுக்கு ஓடியது. பாதிப் பாட்டில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டில் தையல் தைக்கும் இந்திராணி, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள்.

"இன்னைக்கு என்ன சார் இவ்ளோ வேகம்? நீங்க வாசிக்கற கணக்குக்குத்தான் நான் பெடல் மிதிக்கறேன். தையல் எல்லாம் கோணிக்கிச்சு."

"இந்தப் பாட்டு தெரியுமாம்மா?" என்றார் சபேசன்.

"தெரியாம? எத்தனை வருஷமா கேக்கறேன்."

பாடிக் காட்டினாள். தும் தும் என்று போனாள். ரோட்னியின் இடம் வந்ததும் நிறுத்தினாள், காத்திருந்தாள், மறுபடி தும் தும் என்று தொடர்ந்தாள். பேஸ் கிடாரின் சத்தம் மட்டும்தான் தரை வழியாக இறங்கும். நாலு பேர் வாசித்த காலத்திலும் அவள் கேட்டது மெல்வினை மட்டும்தான். ரோட்னி என்று ஒருவன் பாடியதே அவளுக்குத் தெரியாது.

மெல்வின் அவளோடு சேர்ந்து வாசித்தான்.

கால்களுக்கு மேலே, இருக்க வேண்டிய உயரத்தில், இரண்டு காதுகள் வந்தன. நுனி கறுத்த, நீளக் காதுகள். மெல்வின் யோசித்துப் பார்த்தான். குழு முழுசாக இருந்தபோதும் அந்த மானுக்குக் காது இருந்ததில்லை. யாரும் கவனிக்கவில்லை.

சபேசன் ஒரு காதைத் தொட்டுப் பார்த்தார். "கழுத்துக்கு மேலதான்," என்று சொல்லி, மான் ஒன்று என்று கணக்குக்கு நிலைக்கதவில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார்.

"மெதுவா வாசிங்க சார். ஜாக்கெட்டுக்கு ஆள் வந்துடுவாங்க," என்று இந்திராணி இறங்கினாள். காதுகள் படிக்கட்டுப் பக்கம் திரும்பின.

மெல்வின் மெதுவாக ஆரம்பித்தான். கீழே தையல் மிஷின் சேர்ந்துகொண்டது. ரோட்னியின் இடம் வந்தது. அவன் நிறுத்தினான். கீழே மிஷினும் நின்றது. இருவரும் காத்திருந்தார்கள்.

ஹிரோலா பாடத் தொடங்கியது. வாய் இன்னும் வரவில்லை. சுருதி சற்று இறங்கியிருந்தது. மெல்வின் அதற்கு ஏற்றபடி தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான்.