காய்ச்சல் வரும், பயப்படாதீங்க

ஐஸ் என் பொறுப்பு, ஊசி அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். தடுப்பூசி மருந்து உறைந்தாலும் கெடும், சூடேறினாலும் கெடும். அதனால் ஐஸ் பொதிகளைப் பெட்டியில் அடுக்குமுன் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே லேசாகத் தண்ணீர் சலசலத்தால்தான் அது பெட்டிக்குள் போகும். "பொண்டாட்டி பேசுறத ஒருநாளாவது இப்படிக் காது குடுத்துக் கேட்டிருக்காரா பாருங்க" என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நிவாரண அமைப்பு எங்கள் இருவரையும் சேர்த்தே வெளிநாட்டுக்கு அனுப்பியது. சண்டை ஓயாத பகுதி. ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு ஊசி போடும் வேலை. ஒருநாள் வழியில் எங்கள் வண்டியை மறித்தார்கள். வண்டி, போன், அவளுடைய மருந்துப் பை எல்லாம் போயிற்று. பெட்டியைத் திறந்தவன் கண்ணாடிக் குப்பிகளைப் பார்த்துப் பின்வாங்கினான். அதை மட்டும் எங்களோடு அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள்.

சிமெண்ட் தரை. கைக்கு எட்டாத உயரத்தில் சின்ன ஜன்னல். பக்கத்து அறைக்கும் எங்களுக்கும் நடுவே மெல்லிய சுவர். அதற்கு அப்பால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அவர்களின் தலைவனுக்கு அவள் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். தேய்த்த சட்டை, தூக்கலான சென்ட், வேறு யாராவது கதவைத் திறந்துவிட்டால்தான் உள்ளே வருவான். பக்கத்து அறைக் குழந்தை அவனுடையது என்று காவலுக்கு நின்றவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது.

"முறுக்கு குறையுதா பாருங்க. எழுந்து நின்னு வாங்கன்னு கூப்பிடலைன்னு கோவிச்சுக்கப் போறாரு."

"மெதுவா பேசு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தமிழ் அவனுக்கு எங்கங்க புரியப்போகுது!"

அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு நன்றாக வரும். எனக்குக் கேட்டால் புரியும், நாலு வார்த்தை பேச வரும்.

எங்களை வைத்து யாரிடமோ பேரம் நடந்துகொண்டிருந்தது. அதைவிட அவளுக்குப் பெட்டிதான் கவலை. நான் பொதிகளை ஆட்டும்போதெல்லாம் தண்ணீர்ச் சத்தம் கூடிக்கொண்டே போனது.

"அழுகைய வச்சே சொல்றேன், அந்தப் பிள்ளைக்கு மூணு மாசம் தாண்டல. ஒரு ஊசியும் போட்டிருக்க மாட்டாங்க."

"நம்மளக் கடத்தி வச்சிருக்கான். அவன் பிள்ளைக்கு ஊசி வேறயா? தடுப்பூசி கார்டும் எழுதிக் குடுப்பியா?"

"கார்டு பையில போயிடுச்சுங்க" என்றாள், உண்மையான வருத்தத்தோடு.

மறுநாள் காலையில் அவளே மாப்பிள்ளையிடம், குழந்தைக்கு ஊசி போடட்டுமா என்று கேட்டாள். என் பிள்ளைமேல் உனக்கென்ன அக்கறை என்றான். "மருந்து வீணாப்போகுதே" என்றாள். அந்தப் பதில் அவனுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும், சிரித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் குழந்தையைத் தானே தூக்கிவந்தான். பெண் குழந்தை. அதன் அம்மா கதவுக்கு வெளியே தலைகுனிந்து நின்றாள். அவளை உள்ளே விடவில்லை.

சூடேறி மருந்து கெட்டால் கறுத்துவிடும் குப்பியின் அடையாளச் சதுரம் இன்னும் கறுக்கவில்லை, மருந்து நல்ல மருந்துதான். என் மனைவி பெட்டியிலேயே இருந்த ஊசியை எடுத்துக் குழந்தையின் தொடையில் போட்டாள். போட்டுவிட்டு, வழக்கமாக எல்லா அம்மாக்களிடமும் சொல்வதை அவனிடம் சொன்னாள். "இன்னைக்குக் காய்ச்சல் வரும், தொடை வீங்கும். பயப்படாதீங்க. இன்னும் ரெண்டு ஊசி இருக்கு."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை இன்றுவரை நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானத்துக்குமேல் குழந்தை வீறிட்டு அழுதது. சுவருக்கு அந்தப் பக்கம் நடையும் கூச்சலும். பொழுது சாயும்போது மாப்பிள்ளை வந்தான். கதவை அவனே திறந்தான்.

"உடம்பு நெருப்பாக் கொதிக்குது. தொடை வீங்கிடுச்சு."

"அப்படித்தான் இருக்கும். என் பையில காய்ச்சல் மருந்து இருக்கு, எடுத்துட்டு வாங்க."

"உன் கையால இன்னொண்ணா?" என்றான். பிறகு நிதானமாகக் கேட்டான். "காய்ச்சல் வரும்னு காலைலயே சொன்னியே."

"ஆமா. எல்லாருக்கும் சொல்லுவேன்."

"வரும்னு தெரிஞ்சுதான் போட்டியா?"

இல்லை என்று சொல், தெரியாது என்று சொல் என்று எனக்குள் கத்தினேன். அவள் அவனை, ஊசிக்குப் பயப்படும் தகப்பன்களைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அதே மருந்தை எனக்குப் போடுங்கள் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் கெஞ்சினேன். ஒருவன் என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்தான். பிள்ளைக்குச் சரியாகும்வரை பக்கத்திலேயே இரு என்று அவளை இழுத்துப் போனார்கள். வாசலில் திரும்பி, "நாளைக்கு விட்டுடும்ங்க இது. நீங்க ஐஸைப் பாருங்க" என்றாள். காய்ச்சலைச் சொன்னாள்.

இருட்டுவதற்குள் முற்றத்தில் ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம். குழந்தை திடுக்கிட்டு இன்னும் உரக்க அழுதது. அது அழ அழ எனக்குள் நம்பிக்கை இருந்தது. குழந்தை உயிரோடிருக்கிறது, அதனால் அவளும் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். விடியும் நேரத்தில் அழுகை நின்றது. ஜன்னலில் வெளிச்சம் வந்தபின் சுவருக்கு அப்பால் குழந்தை சிரித்தது. வயிறு நிறைந்த குழந்தையின் சிரிப்பு.

கதவு திறக்கும், காய்ச்சல் விட்டுடுச்சு பாத்தீங்களா என்று வருவாள் எனக் காத்திருந்தேன்.

வந்தது மாப்பிள்ளை. சட்டை கசங்கியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு ஊசின்னு சொன்னாளே. உனக்குப் போடத் தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு பொதியை எடுத்துக் காதருகே ஆட்டினேன். முழுக்கத் தண்ணீர். குப்பியின் சதுரம் கறுத்திருந்தது. அதை அப்படியே அவன் கையில் கொடுத்திருக்கலாம். குழந்தைக்குப் பாதுகாப்பு என்று நம்பிக் கிடந்திருப்பான்.

"இது கெட்டுப்போச்சு. போடக் கூடாது" என்றேன். "ஒரு மாசம் கழிச்சு ஊசிக்காரங்க வருவாங்க. அவங்கள ஒண்ணும் பண்ணாம பிள்ளையைக் காட்டுங்க. அப்பவும் காய்ச்சல் வரும். பயப்படாதீங்க."

அவளுடைய ராகத்திலேயே வந்துவிட்டது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவளை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். அவர்கள் என் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய், பெட்டியோடு ஒரு சாலையோரத்தில் இறக்கிவிட்ட அன்றும் கேட்டேன். இன்றுவரை தெரியாது.

ஊர் திரும்பியும் இதே வேலைதான். நர்ஸ் அந்த வரியைச் சொல்ல வாயெடுக்கும்போது நான் வெளியே போய்விடுவேன். காலையில் பொதியைக் காதில் வைத்து ஆட்டுகிறேன். தண்ணீர் சத்தம் வருவதற்குமுன் சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை சிரிக்கிறது. அது முடியும்வரை காத்திருந்து, மறுபடி ஆட்டுகிறேன்.