கொண்டையில் ஒரு ரூபாய்

சின்னப்பொண்ணுவுக்குப் பித்தப்பையில் கல். வாயில் அதைவிடப் பெரிய கல். வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் எறிந்துகொண்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆபரேஷனுக்கென்று இரண்டு முறை பட்டினி கிடந்து, இரண்டு முறையும் ஆபரேஷன் ஆகாமலே வீடு திரும்பியவளுக்குக் கோபம் வராமல் கும்மியடிக்கவா தோன்றும்?

செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் எதற்கு, நாளைக்கு நமக்கும் வயிறு வலிக்கலாம். அங்கே இருப்பது ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர். காலையில் முதல் ஆள் தாமதித்தால் வரிசை முழுக்க நகரும். கடைசி ஆள் ‘நாளைக்கு வாங்க’வில் போய் விழுவார். முதல் தடவை சின்னப்பொண்ணுவுக்கு முன்னால் இருந்த பெரியவர், வெறும் வயிறாக இருக்கச் சொல்லியும், வடை தின்றுவிட்டார். “ஒண்ணே ஒண்ணுதான் சிஸ்டர், அதுவும் மெதுவடை,” என்று நியாயம் வேறு பேசினார். அவரை ஒதுக்கி அடுத்தவரைத் தயார் செய்வதற்குள் பாதி நாள் போயிற்று.

இரண்டாம் தடவை சாராள். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்தாள். அவளுடைய சபைப் பாஸ்டர் கிருபாகரன் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டரின் கைகளுக்காக ஜெபித்தார். நர்சுகளின் கண்களுக்காக ஜெபித்தார். கரண்டுக்காக, கரண்டு போனால் ஜெனரேட்டருக்காக, ஜெனரேட்டரில் டீசலுக்காக ஜெபித்தார். டீசல் வந்ததும் பின்னால் காத்திருந்த சின்னப்பொண்ணு வெடித்துவிட்டாள்.

“இன்னா பாஸ்டரே, டீசல் பங்க்குக்கும் சேத்து வேண்டிக்கினு கீறியா? இங்க ஒருத்தி பசியில சாவறது தெரீல?”

அவள் போட்ட கூச்சலில் சாராளுக்கு ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. அது இறங்கக் காத்திருந்ததிலேயே பொழுது போய்விட, மயக்க மருந்து டாக்டர் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பினார். சாராள் கெட்டது சின்னப்பொண்ணுவால், சின்னப்பொண்ணு கெட்டது சாராளால். தான் கெட்டது மட்டும்தான் சின்னப்பொண்ணுவுக்கு ஞாபகம் இருந்தது.

இன்றைக்கு மூன்றாம் தடவை. சின்னப்பொண்ணுதான் முதல் ஆள், அடுத்தது சாராள். இதையும் விட்டால் சின்னப்பொண்ணுவுக்குக் கதியில்லை. அடுத்த மாதம் மகள் திவ்யாவின் குழந்தைக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி, பிரியாணி. கல்லை எடுத்தால்தான் எண்ணெயும் கறியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தப் பேத்தியின் காதுகுத்தில் ஊரே பிரியாணி தின்ன, தான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து ரசம் சாதம் பிசைவதை நினைத்தாலே அவளுக்குக் கண் கலங்கியது.

“இன்னிக்கி நான்தான் மொதோ ஆளு. எவ குறுக்க வர்றான்னு பாக்கறேன்,” என்று வார்டுக்கே அறிவித்தாள்.

எவளும் வரவில்லை. அவளே வந்தாள்.

தியேட்டர் வாசலில் சிஸ்டர் ஜாக்குலின் அவள் தலைக்குத் தொப்பி மாட்டும்போது கொண்டைக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

“இன்னாம்மா இது?”

“கொண்ட.”

“கொண்டைக்குள்ள?”

“முடி. வேற இன்னா இருக்கும்?”

ஜாக்குலின் விரலை விட்டு இழுத்தாள். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய். ஆபரேஷன் நல்லபடி முடியவேண்டும் என்று திருப்போரூர் முருகனுக்கு வேண்டி முடிந்த காசு.

“உள்ள ரத்தத்த நிறுத்த கரண்டு மெஷின் வச்சி சுடுவாங்கம்மா. ஒடம்புல காசு கீசு இருக்கக் கூடாது. குடு, நான் வச்சிருக்கேன்.”

“ஐயோ, வேண்டுதல் முடியறவரைக்கும் இது என்ன வுட்டு எறங்கக் கூடாது சிஸ்டர். எறங்கனா வூட்டு ஆள் கைக்குத்தான். என் வூட்டுக்காரர இட்டுக்கினு வா.”

வீட்டுக்காரர் துரையைத் தேடினார்கள். வார்டில் இல்லை, டீக்கடையில் இல்லை. போன் போட்டால் மறுமுனையில் காற்று உய்யென்று வீசியது.

“எப்டியும் லேட்டாதான ஆவும்னு திருப்போரூர் வந்தேன் சிஸ்டர். வூடு கட்ட ஒரு பிளாட்டு காட்டறாங்க. கார்னர் பிளாட்டு! தோ, வந்துகினே கீறேன்.”

இன்னும் கிளம்பாதவர்கள்தான் உலகத்தில் அப்படிச் சொல்வார்கள். டாக்டர் எட்டிப் பார்த்தார். மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாம் தயார். வெளியே சின்னப்பொண்ணு கொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பின்னால் ஸ்ட்ரெச்சரில் பசியோடு படுத்திருந்த சாராளைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அவள் கத்தினால் இவள் என்ன பதில் சொல்வாள்?

சாராள் கத்தவில்லை. “யக்கா, என்கிட்ட குடு,” என்றாள்.

“நீ இன்னா வூட்டு ஆளா?”

“தங்கச்சின்னு சொல்லிக்கோ. சொன்னா கொறஞ்சா பூடுவ?”

“இது முருகர் துட்டுடி. நீ ஜெபம் பண்றவ.”

“நான் இன்னா அத்தயா கும்புடப் போறேன்? கையில வச்சிக்கினு இருப்பேன், அவ்ளோதான்.”

சின்னப்பொண்ணு யோசித்தாள். முருகன் ஒரு பக்கம், பிரியாணி ஒரு பக்கம். “சரி, தங்கச்சி. வேற எவ கைக்கும் மாறக் கூடாது. கீழ வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“நாங்க சத்தியம் பண்ண மாட்டோம். சொன்னா சொன்னதுதான்.”

மஞ்சள் முடிச்சு கை மாறியது. சின்னப்பொண்ணு உள்ளே போனாள்.

அவள் வார்டில் நன்றாகக் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் சாராள் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். வலது கையில் இட்லி. இடது கை இறுக்க மூடியிருந்தது.

“அதுக்குள்ள முடிச்சிட்டு இட்லி துன்றியா?” என்றாள் சின்னப்பொண்ணு, நாக்குக் குழற.

“எங்க? நான் போவவே இல்ல.”

ஜாக்குலினுக்கு வந்த ஆத்திரத்தில் அவளே கதையைச் சொன்னாள். “உன் தங்கச்சிய உள்ள கூப்டா காச வுட மாட்டேன்னுது. என்கிட்டயும் குடுக்காது. தலகாணிக்கடியில வைம்மான்னேன், தலகாணி எங்க அக்காவுக்கு சொந்தமான்னு கேக்குது! உன் வூட்டுக்காரருக்காகக் காத்துகினு இருந்த நேரத்துல ஒரு பிரசவ கேஸ் அவசரமா வந்து தியேட்டருக்குள்ள பூட்ச்சி. இதுக்கு நாளைக்குத்தான்.”

“அவுரு இன்னும் வர்லியா?”

“தோ, வந்துகினே கீறாராம்,” என்றாள் சாராள்.

சின்னப்பொண்ணுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டுக்குமே தையல் இடம் கொடுக்கவில்லை. “அடிப்பாவி, ஒரு ரூபா துட்டுக்கா பட்னி கெடந்தத வீணாக்கின?”

“துட்டுக்கு இல்லக்கா. நீ தங்கச்சின்னு சொன்ன இல்ல?” என்று சாராள் மஞ்சள் முடிச்சை அவள் கையில் வைத்தாள்.

எறிய ஒரு கல்லும் கிடைக்காமல் சின்னப்பொண்ணு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாராளை அன்றைக்குத் திட்டிய ஒவ்வொரு சொல்லும் இப்போது அவளைக் குத்தியது.

மறுநாள் காலை பாஸ்டர் கிருபாகரன் வந்து சாராளின் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார். டாக்டரின் கைகள் ஆயிற்று. நர்சுகளின் கண்கள் ஆயிற்று. கரண்டு ஆயிற்று. ஜெனரேட்டருக்குப் போகுமுன் பாஸ்டர் மூச்சு வாங்கினார்.

“ஆமென்!” என்று கட்டிலிலிருந்து ஓர் அலறல். சின்னப்பொண்ணு ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். வார்டே பின்னால் சேர்ந்து “ஆமென்” என்றது. பாஸ்டர் கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தார்.

“டீசலுக்கு நான் வேண்டிக்கறேன் பாஸ்டரே, எங்க முருகர்கிட்ட சொல்லிட்டேன்,” என்றாள். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. போகிற போக்கில் சாராள் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் துரை ஒரு பிளாட் நோட்டீசோடு உள்ளே வந்தார். மோதிரத்தைப் பார்த்ததும் முந்தினநாள் தப்பைச் சரிக்கட்டும் அவசரத்தில் கையை நீட்டினார். “குடு, நான் வச்சிக்கறேன்.”

சின்னப்பொண்ணு விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“வூட்டு ஆள் கையிலதான் கீது. நீ போயி கார்னர் பிளாட்ட பாரு.”