ஏற்கெனவே பதிவானது

தங்கையின் குழந்தை பிறந்து நாலு நாள். எடை ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பொடிசைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியம்மாக்காரி, வார்டு வாசலில் நர்ஸ் மேசைமேல் இருந்த திரையைக் கண்டாள். அவளே எழுதிய புரோகிராம். யாருக்குத்தான் ஆசை இருக்காது? கிட்டே போய் எட்டிப் பார்த்தாள்.

கீழ் மூலையில், எறும்பு அளவு எழுத்தில், பதிப்பு எண் 3.1 என்று இருந்தது. 3.4 என்றல்லவா இருக்க வேண்டும்!

விஷயம் இதுதான். எடையைக் கொடுத்தால் நரம்பில் ஏற்றும் சொட்டு மருந்து மணிக்கு எத்தனை மில்லி போக வேண்டும் என்று சொல்லும் ஒரு பழைய கணக்குத் துண்டு. இருபது வருஷத்துக்கு முன் எழுதியவர் எங்கே போனாரோ, யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிகள் அதை விட மறுத்ததால், தன் புதுப் புரோகிராமின் மூட்டைக்குள் அதன் கடைசிப் பதிப்பான 3.4-ஐயும் வைத்துக் கட்டி அனுப்பினாள். மூட்டை கட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு பதிவேடு உண்டு. இன்ன பெயரைக் கூப்பிட்டால் இன்ன இடத்திலிருக்கும் துண்டு ஓடி வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு பெயருக்கு ஒரு முகவரிதான்.

முதல் வெள்ளோட்டத்தில் அவள் புது முகவரியை எழுதப்போக, அதே துண்டை நம்பியிருந்த இன்னொரு பழைய புரோகிராம் படுத்துவிட்டது. ஆபீசில் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தப் பயத்தில் ஒரு வரி சேர்த்தாள்: ஏற்கெனவே பதிவாகியிருந்தால் தொடாதே. அவள் மெஷினில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது 3.4. எல்லாம் ஜோராக ஓடியது. இந்த வார்டு மெஷினிலோ 3.1. அது பெரியவர்களை மனதில் வைத்து எழுதியது. எடை முழுக் கிலோவாக இல்லாவிட்டால் அடுத்த கிலோவுக்கு ஏற்றிவிடும். எழுபது கிலோ ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றேகால் கிலோ குழந்தையை இரண்டு கிலோ என்று எடுத்துக்கொள்ளும்.

திரையில் தங்கையின் குழந்தைக்கு நேரே எட்டு என்று இருந்தது. ஐந்துதான் போக வேண்டும்.

உள்ளே ஓடினாள். பெட்டிக்குப் பக்கத்தில் மருந்து ஏற்றும் பம்பின் சின்னத் திரையில் வெளிச்சம் அடித்து எண் தெரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்தாள். ஐந்து.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் தங்கை.

பின்னாலேயே வந்த நர்ஸிடம், "சிஸ்டர், திரைல எட்டுன்னு வருது, இங்க அஞ்சுதான் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அது கிடக்குது. ஒண்ணேகால் கிலோவுக்கு யாராவது எட்டு வைப்பாங்களா? நான் கையால கணக்குப் போட்டுத்தான் வைக்கிறேன்."

"நாலு நாளும் நீங்கதானே இருந்தீங்க?"

"நேத்து நான் லீவு. வேற வார்டுலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா."

அவள் பெட்டியின் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்து நேற்றைய வரிசையைத் தேடினாள். விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தாள். ஐந்து, ஐந்து, ஐந்து. ஒவ்வொன்றையும் மறுபடி படித்தாள்.

"என் சீட்டப் பார்த்து வச்சிருக்கா, சமத்து" என்றாள் நர்ஸ். "போன வாரமே புகார் எழுதிப் போட்டேன். குறைமாசக் குழந்தைங்களுக்குக் கணக்கு கூடுதலா வருதுன்னு. 'எங்கள் மெஷினில் சரியாக வருகிறது'ன்னு ஒரே வரியில பதில் போட்டு மூடிட்டாங்க, மகராசங்க."

அந்த வரி அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. சாப்பாட்டு நேரம். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள், சரியாக வந்தது, மூடிவிட்டு எழுந்து போனாள். மூட்டை போயிருப்பது பதினொரு ஆஸ்பத்திரிகளுக்கு. அங்கேயெல்லாம் கையால் கணக்குப் போடுகிறவர்கள் இருக்க வேண்டுமே! ஆபீசுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தங்கை அட்டையைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, அது உங்க ஆபீஸ் புரோகிராம்தானே? யாரு அப்படிப் பதில் போட்டது?"

"நான்தான்."

தங்கை தையல் வலியோடு மெல்ல நகர்ந்து, அக்காவுக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.