திருப்பிச் சொல்லும் விதி

கத்தோலிக்கக் குருவான நவரத்தினம் சுவாமி ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, வரவேற்க நின்ற யாழ்ப்பாண, மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் நடுவே சில்வெஸ்ரரைக் கண்டு முகம் மலர்ந்தார்.

"என்ன சில்வெஸ்ரர், நியூசிலாந்திலையாவது உமக்கு ஆன்மா கிடைச்சுதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பகிடி விளங்காதவர்களுக்குச் சுவாமியே காரில் போகும்போது விளக்கம் சொன்னாராம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தேநீர் ஊற்றிய ஆனந்தவல்லி, "ஆன்மா இல்லாதவருக்குச் சீனி போடலாமோ?" என்று கேட்டார். நல்ல மனம் படைத்தவர்தான், விளையாட்டாகவே கேட்டார். சில்வெஸ்ரரும் பணிவாகச் சிரித்து, ஒரு கரண்டி போதும் என்றார்.

அந்தப் பட்டப்பெயர் 1962ஆம் ஆண்டில் பிறந்தது. இலங்கையில் குருமாரை உருவாக்கும் ஒரு குருமடத்தில் நவரத்தினமும் சில்வெஸ்ரரும் மெய்யியல் மாணவர்களாக இருந்தார்கள். மத்தியகாலப் பல்கலைக்கழகங்களின் முறைப்படி அங்கே இலத்தீனில் வாதம் நடக்கும். ஒருவர் திருச்சபையின் கோட்பாட்டைக் காப்பார். மற்றவர், மனத்தால் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அதை எதிர்த்தே ஆகவேண்டும். காப்பவர் எடுத்த எடுப்பில் பதில் சொல்லிவிட முடியாது. எதிர்வாதி சொன்னதை முழுமையாகத் திருப்பிச் சொல்லி, "நான் சொல்வது சரிதானா?" என்று கேட்கவேண்டும். அவர் ஆம் என்ற பிறகே ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், அல்லது ஒரு பொருளில் சரி, வேறொரு பொருளில் பிழை என வேறுபடுத்துகிறேன் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லலாம்.

அன்றைய பொருள், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அறபு உரையாசிரியர் ஒருவர் எழுப்பி, அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து அறிஞர்களை இரண்டாகப் பிரித்த கேள்வி: சிந்திக்கும் அறிவு மனிதர் அனைவருக்கும் ஒன்றுதானா, ஆளுக்கொன்றா? ஒன்றே என்று வாதாடும் பக்கம் சில்வெஸ்ரருக்கு விழுந்தது. மன்னாரில் பிறந்தவர் அல்லவா, தாமாகவே ஓர் உவமை கட்டினார். கடலில் பல வள்ளங்கள் கரையில் நிற்கும் ஒரே வெளிச்சவீட்டின் ஒளியைக் காண்கின்றன. ஒரு வள்ளம் மூழ்கித் தாழ்ந்தாலும் ஒளி தாழ்வதில்லை. அறிவும் அத்தகையதே என்றார்.

காப்பவராக எழுந்த நவரத்தினம் அதைத் திருப்பிச் சொன்ன விதம் வேறு. "மனிதன் செத்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை, ஆன்மாவும் இல்லை என்கிறார் சில்வெஸ்ரர்" என்றார். சில்வெஸ்ரர் வாய் திறக்குமுன் குருமட அதிபர் எழுந்துவிட்டார். அது கொடுக்கப்பட்ட பக்கம் என்பது அதிபருக்குத் தெரியும். மனத்தாலும் அப்படி நம்புகிறாரா என்பதே அவருடைய ஐயம். கேட்டபோது, "சாப்பாட்டு மேசையிலும் அவர் இப்படித்தான் கதைக்கிறவர்" என்று நவரத்தினம் சாட்சி சொன்னார். குருமடத்திலிருந்து விலக்கப்பட்ட சில்வெஸ்ரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார். ரோமுக்கு மேற்படிப்புக்கு அனுப்ப இருவரில் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டியிருந்த சிக்கலும் அத்தோடு தீர்ந்தது.

பின்னர் அவர் நில அளவையாளரானார், சறோஜாவை மணந்தார், ஆக்லாந்துக்கு வந்து வீடும் வாங்கினார். குறை சொல்ல முடியாத வாழ்க்கை. ஆனால் உள்ளே ஒரு தணல், சாம்பல் மூடாமல், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது. விமான நிலையத்தில் சுவாமி அதை ஊதிவிட்டார்.

தவக்காலத்தை முன்னிட்டு ஒனிஹங்கா மண்டபத்தில் ஒரு வாதம் வைத்தால் என்ன என்று சில்வெஸ்ரர் மிகுந்த மரியாதையோடு ஆலோசனை கூறினார். பழைய பொருள், பழைய முறை, ஆனால் தமிழில். சுவாமி போன்ற அறிஞர் எதிர்வாதியாக நின்றால்தான் சுவைக்கும் என்று சொல்லி, காப்பவர் பக்கத்தைத் தாம் எடுத்துக்கொண்டார். சுவாமிக்கு உச்சி குளிர்ந்தது. திட்டம் எளியது: சுவாமி பேசியதும் எழுந்து, அன்று அவர் செய்ததுபோலவே திரித்துச் சொல்வது. ஆன்மா இல்லை என்று சுவாமியே சொன்னாராம் என்ற பேச்சு மறுநாளே தொலைபேசி வழியாக இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

சறோஜாவுக்குக் கணவரின் பணிவு அளவுக்கு மீறினால் அச்சம் வரும். "இஞ்சருங்கோ, உந்த வாதத்தை விடுங்கோவன். அந்த மனுசன் ரெண்டு கிழமையிலை போயிடுவார்."

"அதுதான் அவசரம்," என்றார் சில்வெஸ்ரர்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்தது. நடுவராக, எந்தப் பக்கமும் சாராதவர் வேண்டும் என்று, கோயம்புத்தூர்க்காரரான கணினிப் பொறியியலாளர் பழனிசாமியை அழைத்திருந்தார்கள். சைவ சித்தாந்தத்தில் ஈடுபாடு உள்ளவர். விதியைக் கேட்டதும் அவர் தலையாட்டினார். "நம்ம பக்கமும் இதேதான் சார், பூர்வபட்சம்னு பேரு. எதிராளி சொன்னத நேர்மையாச் சொல்லணும். அதுல ஏமாத்தினா அப்புறம் வாதமே இல்ல."

சுவாமி அழகாகப் பேசினார். ஆசிரியர் அறிந்ததையே மாணவரும் அறிகிறார். அறியப்படுவது ஒன்றாயிருக்க, அறிவு மட்டும் எப்படிப் பலவாகும் என்றார். பிறகு கையை நீட்டி, கடலில் பல வள்ளங்களை மிதக்கவிட்டார். கரையில் வெளிச்சவீடு ஒன்றை நிறுத்தினார். ஒரு வள்ளம் தாழ்ந்தது, ஒளி தாழவில்லை.

சில்வெஸ்ரர் சொல் சொல்லாக ஒப்பிட்டுக் கேட்டார். இலத்தீன் தமிழானதைத் தவிர ஒரு சொல்கூடப் பிசகவில்லை. இளம் வயதில் சுவாமி விளங்காமல் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று எத்தனையோ இரவுகளில் தமக்குத் தாமே சொன்ன ஆறுதல் அந்தக் கணத்தில் செத்தது. விளங்கியிருக்கிறது. மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்.

இனித் திரிக்கத் தேவையில்லை என்று அவர் தீர்மானித்தார்.

எழுந்து, சுவாமியின் வாதத்தைச் சுவாமியைவிடத் தெளிவாகத் திருப்பிச் சொன்னார். "நான் சொல்லுறது சரியோ, சுவாமி?"

"நூற்றுக்கு நூறு."

"மறுக்கிறன்," என்று தொடங்கினார் சில்வெஸ்ரர். அறிவு எல்லோருக்கும் பொதுவென்றால் குற்றமும் பொதுவாகிவிடும்; அறிந்தே பொய் சொன்னவர் இவர் என்று எவரையும் காட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு மனிதருக்கும் தமக்கென்றே ஓர் அறிவு உண்டு. அதற்கு அவரே பொறுப்பாளி. இதை விளக்கிவிட்டு, சில கேள்விகளுக்கு அனுமதி வேண்டினார். பழனிசாமி கொடுத்தார்.

"சுவாமி, இப்ப வாதாடினது உங்கடை நம்பிக்கையோ?"

"சீச்சீ. நீர் தந்த பக்கமெல்லோ."

"அப்ப ஒராள் தான் நம்பாததையும் வாதாடலாம்."

"ஒப்புக்கொள்ளுறன்," என்றார் சுவாமி சிரித்தபடி.

"அந்த வள்ள உவமை ஆருடையது?"

சிரிப்பு நின்றது. "உம்முடையது. குருமடத்திலை சொன்னனீர்."

"அதிலை ஆன்மா இல்லையெண்டு ஒரு சொல் இருந்துதோ?"

சுவாமி தண்ணீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமலே வைத்தார். "வேறுபடுத்துறன்."

"நல்லது. வேறுபடுத்துங்கோ."

சில்வெஸ்ரர் கைகட்டிக் காத்து நின்றார். வீட்டுக்குப் போவோமா என்று ஒரு குழந்தை ஆங்கிலத்தில் கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தினார்.

"இல்லை," என்றார் சுவாமி கடைசியில். "அப்பிடி ஒரு சொல் இருக்கேல்லை."

"பின்வரிசைக்குக் கேட்டிராது. மைக்கிலை சொல்லுங்கோ, சுவாமி."

சுவாமி மைக்கில் சொன்னார்.

"விளங்கிக்கொண்டுதான் மாத்திச் சொன்னீங்கள்."

"ஒப்புக்கொள்ளுறன்."

எவரும் கை தட்டவில்லை. பழனிசாமி தொண்டையைச் செருமி, தேநீர் ஆறுவதாக அறிவித்தார். ஆனந்தவல்லி ஒன்றும் கேட்காமல் ஒரு கரண்டி சீனி போட்டு, கோப்பையைச் சில்வெஸ்ரரிடம் இரு கைகளாலும் நீட்டினார்.

சுவாமி தங்கியிருந்த கிளென்ஃபீல்ட் வீட்டுக்கு அவரைக் கொண்டுபோய் விடுவது, ஒழுங்குசெய்தவர் என்ற முறையில், சில்வெஸ்ரரின் பொறுப்பு. காரின் முன் கதவைத் திறந்து சுவாமியை அமரச் செய்தார். சறோஜா பின்னால் ஏறினார். துறைமுகப் பாலத்தின் மேல் ஏறியபோதுதான் சுவாமி பேசினார்.

"எனக்கு அப்ப இருபத்தொரு வயசு, சில்வெஸ்ரர். ரோமைத் தவிர வேறை ஒண்டும் கண்ணிலை தெரியேல்லை. மன்னிக்க ஏலாதோ?"

சில்வெஸ்ரர் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சுவாமிக்கு அப்ப வயசு குறைவு, ஆசை கூட. அதாலை நான் மன்னிக்கவேணும். சரியாச் சொல்லுறனோ?"

"ஓம்."

"மறுக்கிறன்."

பின்னாலிருந்து சறோஜா, "இஞ்சருங்கோ" என்று மெல்ல அழைத்தார். அவர் திரும்பவில்லை.

கிளென்ஃபீல்டில் அவரே இறங்கிப் பையைத் தூக்கி வாசல்வரை கொண்டுபோய் வைத்து, "படி கவனம், சுவாமி" என்றார். திரும்பி வந்தபோது முன் ஆசனம் வெறுமையாகவே இருந்தது. சறோஜா மாறி அமரவில்லை. சில்வெஸ்ரர் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காரை எடுத்தார். வழியெல்லாம் 'மறுக்கிறன்' என்ற அந்த ஒரு சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தார். இலத்தீனிலும் அது நன்றாகவே ஒலித்தது.